எத்தனை முறை தாங்கும்? ஒரு தொழிற்சாலை வேதியியலாளரும் அயனிப் பரிமாற்றப் பிசினும்

1944 டிசம்பர் இறுதியில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2366007, 2366008 என்ற அடுத்தடுத்த எண்களில் இரண்டு காப்புரிமைகளை வழங்கியது. கண்டுபிடித்தவர் கேட்டானோ டி’அலேலியோ. உரிமை, அவர் வேலை பார்த்த ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு. மின்மாற்றியும் விளக்கும் செய்யும் நிறுவனம், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டில் நெகிழிகளை ஆராயும் வேதியியலாளர், கரைசல்களைச் சுத்திகரிக்கும் பொருளுக்கான காப்புரிமை: மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாதவை போலத் தோன்றும். ஆனால் அனல்மின் நிலையக் கொதிகலனுக்குப் போகும் நீரும், அடுக்ககங்களின் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறும் ‘சாஃப்ட்னர்’ தண்ணீரும் இன்று பெரும்பாலும் அந்த ஆவணங்களிலிருந்து கிளைத்த ஒரு பொருளின் ஊடாகவே வருகின்றன. அப்பொருளில் நடக்கும் வினைக்கு அப்போதே ஏறக்குறைய நூறு வயது. புதிதாக இருந்தது, அந்த வினையை ஆயிரக்கணக்கான தடவை செய்தாலும் தேயாத ஓர் உடம்பு. ‘எத்தனை முறை தாங்கும்?’ என்பது ஆலைக்காரரின் கேள்வி என்று ஆய்வுலகம் ஒதுக்கிவிடுவது வழக்கம். இந்த விஷயத்தில் அதுவே அறிவியல் கேள்வியாகவும் இருந்தது என்பதும், அந்தக் கேள்வியைப் பாதியில் நிறுத்திக்கொண்டதால்தான் இன்றைய சிக்கல் வந்தது என்பதும் என் வாதம்.

வினையின் கதை வயலில் தொடங்குகிறது. 1840களின் நடுவில் எச். எஸ். தாம்சன் என்ற யார்க்‌ஷயர் நிலக்கிழார், உரத்தில் உள்ள அம்மோனியா மழையில் கரைந்து போய்விடுகிறதா என்று பார்க்க, மண் நிரப்பிய குழாயில் அம்மோனியம் சல்ஃபேட் கரைசலை ஊற்றினார். கீழே வடிந்தது பெரும்பாலும் கால்சியம் சல்ஃபேட், அதாவது ஜிப்சம். அம்மோனியாவை மண் பிடித்துக்கொண்டு, தன்னிடமிருந்த சுண்ணாம்புச் சத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது. இங்கிலாந்து அரச வேளாண் சங்கத்தின் வேதியியலாளர் ஜான் தாமஸ் வே 1850 முதல் இதை முறையாக ஆராய்ந்து, பரிமாற்றம் சம அளவில் நடக்கிறது, அதைச் செய்வது களிமண் பகுதி என்று காட்டினார். ஆனால் ஒரு முறை நடந்த மாற்றம் திரும்பாது என்று நினைத்தார். அது திரும்பக்கூடியது என்று 1858இல் ஜெர்மனியின் ஐஷ்ஹார்ன் நிறுவினார். மண்ணறிவியலுக்கு இது ஒரு சிறு திருத்தம். தொழிலுக்கோ எல்லாமே இதில்தான் இருந்தது. திரும்பாத வினையை வைத்து வியாபாரம் நடத்த முடியாது. இருந்தும் ஐஷ்ஹார்னின் முடிவு ஆலையை எட்ட அரை நூற்றாண்டு பிடித்தது. 1905 வாக்கில் பெர்லினில் ராபர்ட் கான்ஸ் செயற்கை அலுமினோசிலிகேட்டைத் தயாரித்து நீரின் கடினத்தன்மையை நீக்கப் பயன்படுத்தினார். அது ‘பெர்மூட்டிட்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. சலவைக்கூடங்களும் கொதிகலன் வைத்திருந்த ஆலைகளும் அதை வாங்கின. அமிலம் பட்டால் அது சிதைந்துவிடும். அதனால் கால்சியத்தைக் கொடுத்துச் சோடியத்தை வாங்கலாமே தவிர, ஹைட்ரஜன் அயனியை வாங்க முடியாது. உப்பையே முழுதாக நீக்கும் வழி அங்கேயே அடைபட்டது.

அடைப்பை முதலில் உடைத்தது நிலக்கரி. கந்தக அமிலத்தில் வெந்த நிலக்கரி அமிலத்தைத் தாங்கும், அயனிகளையும் மாற்றும் என்று 1930களில் கண்டவர்களில் ஒருவர் ஓட்டோ லீப்க்னெக்ட். புரட்சியாளர் கார்ல் லீப்க்னெக்டின் உடன்பிறந்தவர், சலவைத்தூளுக்கான சோடியம் பெர்போரேட் தயாரிப்பில் முன்பே பெயர் பெற்றவர். வரலாறு அண்ணனை நினைவில் வைத்திருக்கிறது, தம்பியின் வேலையை வீட்டுச் சலவையில் விட்டுவிட்டது. அடுத்து 1935இல் லண்டனை அடுத்த டெடிங்டனில் அரசு வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பேசில் ஆடம்ஸும் எரிக் ஹோம்ஸும், ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்துச் செய்த செயற்கைப் பிசின்கள் அயனிகளைப் பரிமாறும் என்று வெளியிட்டார்கள். உடைந்த இசைத்தட்டுத் துண்டிலிருந்து இந்த யோசனை வந்தது என்று பாடநூல்களில் ஒரு கதை உலவுகிறது. அக்கால இசைத்தட்டுகள் பெரும்பாலும் அரக்கால் ஆனவை என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முக்கியமானது வேறு. மண்ணும் கரியும் இயற்கை கொடுத்தபடிதான் கிடைக்கும். பிசினை வேண்டியபடி கட்டிக்கொள்ளலாம் என்ற வாசலை இவ்விருவரும் திறந்தார்கள்.

ஆனால் அவர்கள் கட்டிய வீட்டுக்கு அடித்தளக் கோளாறு இருந்தது. ஃபீனால் பிசினில் அயனியைப் பிடிக்கும் தொகுதியும் சட்டகத்தைத் தாங்கும் பிணைப்பும் ஒரே வளையத்தில் பின்னிக் கிடக்கின்றன. ஃபீனாலின் ஹைட்ராக்சில் தொகுதி தானே ஒரு வலுக்குறைந்த அமிலம். காரம் கூடினால் அதுவும் வினையில் இறங்கிவிடும். குளோரின் கலந்த நீர் அந்த வளையத்தை மெல்லத் தின்றுவிடும். மேலும் பிசினைக் கட்டியாக வார்த்து, பிறகு உடைத்துச் சலிக்க வேண்டும். கூரிய முனைகள் கொண்ட அத்துகள்கள் தொட்டிக்குள் உரசி நொறுங்கிப் பொடியாகும். டி’அலேலியோ செய்தது, சட்டகத்தையும் வேலை செய்யும் தொகுதியையும் பிரித்தது. ஸ்டைரீனுடன் சிறிதளவு டைவினைல்பென்சீனைச் சேர்த்தால் இழைகள் ஒன்றையொன்று குறுக்கே பிணைத்துக்கொண்டு, எந்தக் கரைப்பானிலும் கரையாமல் உப்ப மட்டும் செய்யும் வலையாகின்றன என்று ஸ்டௌடிங்கர் 1930களிலேயே காட்டியிருந்தார். அந்த வலையின் முதுகெலும்பு முழுக்கக் கார்பன்–கார்பன் பிணைப்பு. அமிலமும் காரமும் அதை அசைப்பதில்லை. வலை உருவான பிறகு பென்சீன் வளையங்களில் கந்தக அமிலத்தால் சல்ஃபோனிக் தொகுதியை ஏற்றிவிடலாம். ஒரு சல்ஃபோனேற்றிய ஸ்டைரீன் அலகின் நிறை 184. எல்லா வளையமும் ஒவ்வொரு தொகுதி ஏற்றிருந்தால், உலர்ந்த பிசின் கிராமுக்கு 5.4 மில்லிசமான அயனிகளைப் பிடிக்க வேண்டும். நடைமுறைப் பிசின்கள் சுமார் 5 தருகின்றன. வலையின் உட்புறத்திலும் ஏறக்குறைய ஒவ்வொரு வளையமும் வேலைக்கு வந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இந்தக் கலவையை நீரில் துளிகளாகக் கலக்கியபடியே கெட்டியாக்கினால், உடைக்கவும் சலிக்கவும் தேவையில்லாமல் உருண்டை மணிகளாகவே வந்துவிடும். பெரும்பாலானவை கசகசா அளவோ அதைவிடச் சிறியவையோதான். டைவினைல்பென்சீனைக் குறைத்தால் மணி இளகி ஊதிப்போகும், கூட்டினால் இறுகி அயனி உள்ளே நுழையத் தாமதமாகும். தொழில் பழகிப் பழகி நூற்றுக்கு எட்டுப் பங்கு என்ற இடத்தில் நின்றது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. குறுக்குப் பிணைப்பு ஸ்டௌடிங்கருடையது, செயற்கைப் பிசின் என்ற எண்ணம் ஆடம்ஸ்–ஹோம்ஸுடையது, சல்ஃபோனேற்றம் சாயத் தொழிலில் பழகிய வேலை. பிறர் கண்ட மூன்றைச் சேர்த்துக் கட்டியவருக்கு இவ்வளவு புகழ் எதற்கு? அதோடு, உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில் அருமண் தனிமங்களைப் பிரிக்க உதவியதும், 1945இல் புரோமீத்தியம் அடையாளம் காணப்பட்டதும் கையில் இருந்த ஃபீனால் வகைப் பிசினை வைத்துத்தானே? இரண்டும் உண்மை. ஆய்வகத்தில் ஒரு நெடுங்குழாய்ப் பிசின் சில முறை ஒழுங்காக வேலை செய்தால் போதும். அங்கே ஆடம்ஸ்–ஹோம்ஸ் பிசின் போதுமானதாகவே இருந்தது. மின்நிலையத்தில் அதே வேலையை நாள்தோறும் ஆண்டுக்கணக்கில் செய்ய வேண்டும். நேற்று வந்த சரக்கும் இன்று வரும் சரக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அந்த இரு தேவைகளும் விலை, வசதி சம்பந்தப்பட்டவை போலத் தெரிந்தாலும், அவற்றுக்கான விடை மூலக்கூறின் அமைப்பில் இருந்தது: எந்தப் பிணைப்பு எதைத் தாங்கும், எந்தத் தொகுதியை எப்போது ஏற்றுவது. காலமும் கைகொடுத்தது. செயற்கை ரப்பருக்காக அமெரிக்கா போர்க்காலத்தில் ஸ்டைரீன் உற்பத்தியைப் பல மடங்காக்கியிருந்தது. மூலப்பொருள் மலிந்த நேரத்தில் அதற்கான நல்ல பயனும் வந்து நின்றது. டௌ கெமிக்கலும் ரோம் அண்ட் ஹாஸும் இந்த மணியைப் பெருமளவில் செய்யத் தொடங்கின. ஃபீனால் பிசின் ஓரிரு தனித்துறைகளுக்கு ஒதுங்கியது. இணைத்தவர் என்ற பெயர் டி’அலேலியோவுக்குக் குறைவானதல்ல. எதை எதனிடமிருந்து பிரிக்க வேண்டும் என்று முதலில் தெளிந்தவர் அவர்.

மணி எப்படித் திரும்பத் திரும்ப உழைக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதன் உள்ளே எதிர்மின் ஏற்றம் கொண்ட சல்ஃபோனிக் தொகுதிகள் அசையாமல் கிடக்கின்றன. அவற்றின் துணைக்குச் சோடியம் அயனிகள் நடமாடுகின்றன. நீர்த்த கரைசலில் இரட்டை ஏற்றம் கொண்ட கால்சியத்தையும் மக்னீசியத்தையுமே மணி விரும்பி வாங்கும், சோடியத்தை விட்டுவிடும். சோப்பு நுரைக்காத தண்ணீர் நுரைக்கும் தண்ணீராவது இப்படித்தான். மணி நிறைந்ததும் சுமார் 10 சதவீத உப்புக்கரைசலைச் செலுத்துகிறார்கள். ஆலைகளில் இதை ‘ரீஜெனரேஷன்’ என்பார்கள். செறிவு கூடும்போது மணிக்குக் கால்சியத்தின் மேலிருந்த பிடிமானம் தளர்ந்துவிடுகிறது, சோடியத்தின் கூட்டம் அதைத் தள்ளி வெளியேற்றுகிறது. ஒரே மணி, ஒரே இரண்டு அயனிகள். செறிவு மாறினால் விருப்பமும் மாறுகிறது. இந்த இயல்பு இல்லாவிட்டால் பிசின் ஒரு தடவை பயன்படுத்திக் குப்பையில் போடும் பொருளாகியிருக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பிசினை ஒவ்வொரு முறையும் 120 கிராம் உப்பால் மீட்டால், சுமார் 55 கிராம் கடினத்தன்மையை அது நீக்கும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள கிணற்று நீரானால் ஒரு சுற்றுக்கு 110 லிட்டர். தினம் ஒரு மீட்பு என்று பத்தாண்டு ஓட்டினால் 3,650 சுற்றுகள், நான்கு லட்சம் லிட்டர் தண்ணீர். அத்தனையும் முக்கால் கிலோவைச் சற்றே தாண்டும் எடையுள்ள மணியிலிருந்து.

சோடியத்துக்குப் பதில் ஹைட்ரஜனையும், இன்னொரு மணியில் குளோரைடு, சல்ஃபேட்டுக்குப் பதில் ஹைட்ராக்சைடையும் வைத்தால், வெளியேறும் இரண்டும் சேர்ந்து தண்ணீராகிவிடும். நீரைக் கொதிக்கவைத்து வடிக்காமலே உப்பில்லாத நீர் கிடைக்கும் வழி இது. டி’அலேலியோவின் இரண்டாவது காப்புரிமை இந்த எதிர்மின் பக்கத்தைத் தொட்டது. ஆனால் அதில் சொன்ன வழி நிலைக்கவில்லை. ரோம் அண்ட் ஹாஸின் மெக்பர்னி 1952இல் காப்புரிமை பெற்ற நான்கிணை அம்மோனியம் பிசினே சிலிக்காவையும் பிடிக்கும் வலுவுள்ளதாக இருந்தது. உயரழுத்தக் கொதிகலனில் சிலிக்கா நீராவியோடு ஏறிப்போய்ச் சுழலியின் அலகுகளில் படியும் என்பதால், மின்துறைக்கு அதுவே பெரிய விடுதலை. இரு மணிகளையும் ஒரே தொட்டியில் கலந்து வைத்தால் தூய நீரின் கோட்பாட்டு எல்லையான 18.2 மெகாஓம்–சென்டிமீட்டர் தன்மின்தடை வரை போக முடிகிறது. குறைக்கடத்திச் சில்லுகளை அப்படிப்பட்ட நீரில்தான் கழுவுகிறார்கள். கல்பாக்கம் போன்ற இடங்களின் கனநீர் உலைகளில் இதே பிசின், அதன் ஹைட்ரஜனை முன்கூட்டியே டியூட்டீரியமாக மாற்றிய பிறகு, கனநீரைச் சுத்தமாக வைத்திருக்கிறது. ஜார்கண்டின் ஜாதுகுடாவில் யுரேனியத்தைக் கரைசலிலிருந்து பிடித்தெடுப்பது எதிர்மின் பக்கத்துப் பிசின். 1955இல் பெர்க்லியில் மெண்டலீவியம் என்ற 101ஆம் தனிமத்தைப் பிரித்தபோது கிடைத்தவை வெறும் 17 அணுக்கள். அவற்றைப் பிரித்து அடையாளம் கண்டதும் பிசின் குழாயில்தான். 1963இல் மெரிஃபீல்ட், அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் பெப்டைடு கட்ட ஒரு திண்மப் பிடிமானம் தேடி எடுத்ததும் இதே ஸ்டைரீன்–டைவினைல்பென்சீன் மணிதான். அந்த வேலைக்கு 1984இல் நோபல் பரிசு வந்தது. சட்டகத்தையும் தொகுதியையும் பிரித்து வைத்ததால் மட்டுமே தண்ணீர் மணி மருந்து மணியானது.

சவ்வூடு பரவலைத் திருப்பிப் போட்ட ஆர்.ஓ. வந்த பிறகு இதெல்லாம் பழங்கதை என்பது இரண்டாவது ஆட்சேபம். கடல்நீரைப் பொறுத்தவரை அது முழு உண்மை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 சமான நேர்மின் அயனிகள் உள்ளன. ஒரு லிட்டர் பிசினின் மொத்தக் கொள்ளளவே 2. மூன்றரை லிட்டர் கடல்நீருக்குள் மணி நிறைந்துவிடும். அதை மீட்கச் செலவாகும் அமிலம், நீக்கிய உப்பைவிட விலை உயர்ந்தது. மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் அளவில் வந்த ஆலைகளுக்குச் சவ்வே சரி; அந்தச் சவ்வை 1960 வாக்கில் கலிஃபோர்னியாவில் உருவாக்கியவர்கள் லோபும் சௌரிராஜனும். ஆனால் உப்பு குறையக் குறையச் சவ்வின் பலம் தேய்கிறது, மணியின் பலம் ஏறுகிறது. மின்நிலையங்களிலும் சில்லு ஆலைகளிலும் சவ்வுக்குப் பின்னால் கடைசி மில்லிகிராமை எடுப்பது பிசின் தொட்டிதான். ஒன்று மற்றொன்றை ஒழிக்கவில்லை, வேலையைப் பங்கிட்டுக்கொண்டன.

மூன்றாவது ஆட்சேபத்துக்கு இவ்வளவு எளிதாக விடை சொல்ல முடியாது. மேலே போட்ட கணக்கில் இன்னொரு வரி இருக்கிறது. 3,650 தடவை, தடவைக்கு 120 கிராம் என்றால், அந்த ஒரு லிட்டர் பிசின் பத்தாண்டில் 438 கிலோ உப்பைச் சாக்கடைக்கு அனுப்பியிருக்கும். மணி எந்த அயனியையும் அழிப்பதில்லை. எடுத்ததைவிட அதிகமாகவே வெளியே விடுகிறது. கோட்பாட்டளவில் தேவையான உப்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவாவதால் எஞ்சியதும் சேர்ந்தே ஓடுகிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் கரிமக் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களை நம்பியவை. சோடியத்தையும் குளோரைடையும் அவை தொடுவதில்லை. அமெரிக்காவின் சாண்டா கிளாரிட்டா பள்ளத்தாக்கில் வீட்டுச் சாஃப்ட்னர்களின் குளோரைடு ஆற்றில் சேர்ந்து, கீழே அவகாடோவும் ஸ்ட்ராபெரியும் பயிரிடுவோரைப் பாதித்ததால், 2008இல் மக்கள் வாக்கெடுப்பு வழியாக உப்பால் மீளும் சாஃப்ட்னர்களை வீடுகளிலிருந்து அகற்ற வைத்தார்கள். தயாரிப்பின் பக்கமும் கறை உண்டு. எதிர்மின் பிசினுக்கான குளோரோமெத்திலேற்றத்தில் உண்டாகும் பிஸ்குளோரோமெத்தில் ஈதர் மனிதருக்கு நுரையீரல் புற்றுநோய் தருவது. பிலடெல்ஃபியாவில் அதைக் கையாண்ட தொழிலாளர்கள் பலர் அந்நோயால் மாண்ட பிறகே, 1974இல் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகள் அதற்குக் கடிவாளம் போட்டன. ‘எத்தனை முறை தாங்கும்?’ என்று மணியைக் கேட்டவர்கள், அந்த முறைகளை வாங்கிக்கொள்ளும் மண்ணையும் மனிதரையும் அதே கேள்வி கேட்கவில்லை.

இதற்காகக் கண்டுபிடிப்பையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது, சரியல்ல. சிக்கனமான மீட்பு முறைகள் வேதியியலிலேயே இருக்கின்றன. உப்பை நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் செலுத்தினால் குறைந்த உப்பில் கூடுதல் கொள்ளளவு கிடைக்கும். 1980களின் பின்பகுதியில் வணிகத்துக்கு வந்த மின்வழி அயனிநீக்கத்தில், மின்சாரமே நீரைப் பிளந்து பிசினை மீட்கிறது. அமிலமும் காரமும் வாங்க வேண்டியதில்லை. இன்னொரு பக்கம், மணியால் ஆகாததையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கிருமியை அது கொல்லாது; பராமரிப்பில்லாத தொட்டியில் கிருமி வளரவே செய்யும். ஃபுளோரைடை நான்கிணை அம்மோனியம் பிசின் விரும்புவதில்லை, நீரிலுள்ள சல்ஃபேட்டும் குளோரைடும் முந்திக்கொள்ளும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளோரைடு நிலத்தடி நீருக்கு 2013இல் வந்த தீர்வு, ஒகேனக்கலில் காவிரி நீரை எடுத்துக் குழாயில் கொண்டுபோனதுதான். வடிகட்டும் தொட்டிகளை ஊரூராக நம்பியிருப்பதைவிட அது விவேகமான முடிவு என்பது என் எண்ணம்.

நம் அடுக்ககங்களில் சாஃப்ட்னர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். கடினநீர் குடிக்கக் கெடுதல் என்ற எண்ணத்துக்கு ஆதாரமில்லை. இந்தியக் குடிநீர்த் தரநிலை லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கதாகவும், வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளக்கூடியதாகவும் வைத்திருக்கிறது. மாறாக, 500 மில்லிகிராம் கடினநீரை முழுவதும் மென்னீராக்கினால் ஒவ்வொரு லிட்டரிலும் 230 மில்லிகிராம் சோடியம் கூடுகிறது. இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும் செடிகளுக்கும் அது ஆகாது. ஆகவே வெந்நீர்க் கருவிக்கும் துணி துவைக்கும் எந்திரத்துக்கும் போகும் குழாயை மட்டும் சாஃப்ட்னரில் இணைத்து, சமையலறைக்கும் தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் தனிக்குழாய் விடுங்கள். கடிகாரம் பார்த்து உப்புக் கொடுப்பதை விட்டு, ஓடிய லிட்டரை அளந்து கொடுங்கள். குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கணக்கில் உப்பு மூட்டைக்கு எவ்வளவு செலவு என்ற வரி எப்போதும் இருக்கும்; அதன் பக்கத்தில் அந்த உப்பு எங்கே போனது என்ற வரியையும் எழுதச் சொல்லுங்கள்.